தனியாத்தான் போனேன்

தனியாத்தான் போனேன் கண்ணு. அதை முதல்ல எழுதிக்குங்க. அறுபத்திமூணு வயசுல ஒரு பொம்பளை கோயமுத்தூர்ல கார் ஏறி, ஐதராபாத், காசி, ராஜஸ்தான் பாலைவனம், புனா, தார்வாடுன்னு பாதி இந்தியாவைத் தனியாச் சுத்தி வந்திருக்கா. எதுக்கு? பாட்டுக் கேக்க. பொட்டியில வர்ற பாட்டு இல்ல. எதுக்க உக்காந்து ஒருத்தர் பாட, நாம உக்காந்து கேக்கற பாட்டு. உங்க பத்திரிகையில இந்த மாதிரி யாரைப் போட்டிருக்கீங்க, சொல்லுங்க.

அந்த சோபாவுல வேண்டாம், இதுல உக்காருங்க. அது எங்க வீட்டுக்காரர் உக்காந்து உக்காந்து குழி விழுந்தது. அவர் போயிட்டார், குழி போகலை.

வண்டியா? வண்டியை நாச்சிமுத்து ஓட்டுனான். டிரைவர். அது வேற. வண்டின்னு இருந்தா டிரைவர்னு ஒருத்தன் இருக்கத்தான் செய்வான். ஏரோப்ளேன்ல தனியாப் போனேன்னு ஒருத்தர் சொன்னா, பைலட் கூட இருந்தாரேன்னு கேப்பீங்களா? எங்க லேடீஸ் கிளப்புல விசாலாட்சி இதையேதான் கேட்டா. அவ கைலாசத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆளுங்களோட போயிட்டு வந்து, 'எனது தனிமைப் பயணம்'னு மைக்ல பேசினவ. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேக்கலை. கைதட்டிட்டு வந்தேன்.

ஏன் கிளம்பினேன்னா, என் பையன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப ஒரு டப்பா வாங்கிட்டு வந்து வெச்சான். பாடுன்னா பாடும், நிறுத்துன்னா நிறுத்தும். நல்ல பொருள்தான், இந்த வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான். ஆனா ஒருநாள் பாட்டு நடுவுல நான் 'பேஷ்'னேன். அது பாட்டுக்குப் பாடிட்டே இருக்கு. நாம ரசிக்கறது அதுக்குத் தெரியலை. எனக்கு மனசு விட்டுப்போச்சு. நாம கேக்கறோம்னு பாடறவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா? அதுக்குத்தானே கேக்கறது.

சங்கீதம் எனக்குப் புதுசு இல்ல. எங்க மில்லு ஆண்டு விழாவுக்கு வராத வித்வான் கிடையாது. அத்தனை பேருக்கும் நான்தான் சால்வை போட்டிருக்கேன். போட்டோ எல்லாம் அந்த ரூம்ல இருக்கு, போறப்பப் பாருங்க.

நாச்சிமுத்து எங்க வீட்டுக்காரர் காலத்து ஆளு. தாளவாடி மலைக்காரன். கன்னடம் தண்ணியாப் பேசுவான், தமிழ்ல அளந்துதான் பேசுவான். எனக்கு அது ரொம்பப் புடிக்கும். வண்டி ஓட்டறவன் பேசக்கூடாது. பிரயாணம் முழுக்க நான்தான் பேசிட்டு வந்தேன், அவன் 'சரிங்கம்மா'ன்னு வந்தான். அப்படிப்பட்ட தனிமை வீட்டுல கிடைக்காது கண்ணு.

முதல்ல ஐதராபாத். பெரிய ஓட்டல்ல கஜல்னு போட்டிருந்துச்சு. பாடறவர் கண்ணை மூடிக்கிட்டு உருகறார். அடுத்த மேசையில ஒருத்தன் எலும்பைக் கடிச்சுட்டிருக்கான். நான் மேனேஜரைக் கூப்பிட்டு, பாட்டு நடக்கறப்ப பரிமாறாதீங்கன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருப்பேன்போல. பாடறவர் பாட்டை நிறுத்திட்டுக் கண்ணைத் திறந்து என்னையே பாத்தார். ரொம்ப நன்றியோட பாத்தார். அப்புறம் அவர் திரும்ப ஆரம்பிக்கறதுக்குள்ள நான் கிளம்பிட்டேன். எங்க போனாலும் நான் கடைசிவரை உக்கார மாட்டேன். முடிஞ்சு எல்லாரும் ஒட்டுக்கா எந்திரிச்சா வண்டி எடுக்க முடியாது.

காசியில விடிகாலையில படித்துறையில ஒருத்தர் ஷெனாய் வாசிப்பார்னு சொன்னாங்க. போனோம். போனேன். எனக்குக் கீழ உக்கார முழங்கால் ஆகாது, அதனால மடக்கு நாற்காலி ஒண்ணு வண்டியிலேயே இருக்கும். அதைப் படியில போட்டா ஒரு பக்கம் சாயுது. நாச்சிமுத்து கீழ்ப்படியில குத்தவெச்சு ரெண்டு காலைப் புடிச்சுக்கிட்டான். நல்ல யோசனை, நான்தான் சொன்னேன். வாசிப்பு ஆரம்பிச்சுச்சு. அந்த நேரம் பாத்து விசாலாட்சி கூப்பிட்டா. அவளுக்கு வீடியோவுல கங்கையைக் காட்டி, சூரியனைக் காட்டி, ஷெனாய்க்காரரைக் காட்டி, அவ 'அங்க குளிருமே, ஸ்வெட்டர் போடலையா'ன்னு கேட்டு, நான் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள, அந்த மனுஷன் ஷெனாயைத் துடைச்சுப் பையில வெச்சுட்டார். அவ்வளவுதான் வாசிப்பு. வடக்க எல்லாம் சீக்கிரம் முடிச்சுடறாங்க.

நாச்சிமுத்து எந்திரிச்சு முதுகை நிமித்திட்டு, "நல்லா வாசிச்சாருங்கம்மா"ன்னான்.

இவனை யாராவது கேட்டாங்களா?

காசியோட திரும்பறதாத்தான் இருந்துச்சு. ஆனா விசாலாட்சி கிளப்புல சொல்லியிருக்கா, 'காசிக்குப் போறதுக்குப் பாட்டு ஒரு சாக்கு'ன்னு. எனக்குச் சுருக்னு ஆயிடுச்சு. வண்டியை ராஜஸ்தானுக்கு விடுன்னேன். அன்னைக்குத்தான் அவன் முதல் தடவையாத் தானா வாயைத் திறந்தான்.

"ஏனுங்கம்மா, எம்பொண்ணு மாசமா இருக்கறா. தலைப்பிரசவம். நாள் நெருங்குதுங்க."

"நெருங்கினா? நீ போய் என்ன பண்ணப் போறே, நீ டாக்டரா?"

"இல்லைங்கம்மா. தாயில்லாத பொண்ணு மாதிரிதான். அவங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அலைய ஆளில்லைங்க."

"ஆம்புலன்ஸ் எதுக்கு இருக்குது? போன் பண்ணினா வந்துட்டுப் போறான். இதெல்லாம் இந்தக் காலத்துல ஒரு விஷயமா?"

"சரிங்கம்மா"ன்னான். சரின்னு அவன் வாயாலதான் சொன்னான். நீங்களே பாருங்க, நான் கட்டாயப்படுத்தினேனா?

பாலைவனத்துல கூடாரம் போட்டு, அப்பனும் மகன்களுமா நாலஞ்சு பேர் பாடினாங்க. வாத்தியம் என்னமோ தேங்காத் தொட்டியில பண்ணின மாதிரி இருந்துச்சு. முதல்ல ஒரு சினிமாப் பாட்டு. நான் நிறுத்தச் சொல்லி, உங்க அசல் பாட்டைப் பாடுங்கன்னேன். பாடினாங்க. ஐயோ, தொண்டையா அது. எனக்கு ஒரு பக்கத் தலைவலி வந்துருச்சு. கொஞ்சம் மெதுவாப் பாடச் சொன்னேன். அவங்களுக்கு மெதுவாப் பாட வரலை. பாவம், அங்க அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தூரத்துல இருக்கு, கத்திக் கத்தியே பழகிட்டாங்க. நான் ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டேன். கூடாரத்துல ஏசி நல்லா இருந்துச்சு. நாச்சிமுத்துவா? அவன் வண்டியிலதான் படுப்பான். அவனுக்கு அதான் வசதி.

சரி, உங்களுக்கு தார்வாடுதான வேணும். யாரோ உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க, அதுக்குத்தான் இவ்வளவு நேரமா தார்வாடு தார்வாடுன்னு கேட்டுட்டிருக்கீங்க. சொல்றேன். நானே சொல்றேன். மத்தவங்க சொன்னா திரிச்சுச் சொல்லுவாங்க.

புனாவுல ஒரு கச்சேரியில பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். தார்வாடுல இந்துமதி ஹெப்பள்ளின்னு ஒரு அம்மா இருக்காங்க, எழுபத்தஞ்சைத் தாண்டினவங்க, ஒரு காலத்துல வடக்கத்தி சங்கீதத்துல ஓஹோன்னு இருந்தவங்க. இப்ப காலையில வீட்டுலயே உக்காந்து பாடுவாங்க, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது, போற வழியில போய்க் கேளுங்கன்னார். நான் அந்தம்மாவோட மகனுக்குப் போன் பண்ணினேன். இங்கிலீஷ் நல்லாப் பேசினார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததுல இருந்து குரல் சரியில்ல, தினம் உக்காருவாங்க, வந்தா வரும் வராட்டி இல்ல, நீங்க பத்து மணிக்கு வாங்கன்னார்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். ஓட்டல்ல இட்லி வர லேட்டு. அவங்க வீடு ஒரு சந்துக்குள்ள. வண்டி போகாது. சந்து முனையில நிறுத்திட்டு நாச்சிமுத்துவை அனுப்பினேன். வீடு எதுன்னு பாரு, என் நாற்காலி போட இடம் இருக்கான்னு பாரு, பாத்ரூம் எப்படி இருக்குன்னு பாரு, பாத்துட்டு வந்து சொல்லுன்னேன். அவன் போனான். நான் வண்டியிலயே உக்காந்தேன். விசாலாட்சி கூப்பிட்டா.

பேசிட்டிருக்கறப்ப நாச்சிமுத்து கூப்பிடறான். கட் பண்ணினேன். மறுபடி கூப்பிடறான். மறுபடி கட் பண்ணினேன். டிரைவர் நம்மளைக் கூப்பிடக்கூடாது கண்ணு, நாமதான் டிரைவரைக் கூப்பிடணும். எங்க வீட்டுக்காரர் காலத்துல இருந்து இந்த வீட்டுல அதான் வழக்கம். விசாலாட்சி வெச்சதும் நான் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். எப்படி இருக்கு பாருங்க. சித்த நேரம் பாத்தேன். ஹாரன் அடிச்சேன். அந்தத் தெருக்காரங்கதான் எட்டிப் பாத்தாங்க, இவன் வரலை. அப்புறம் நானே இறங்கினேன். சாக்கடையைத் தாண்டி, மாடு நிக்குது அதைத் தாண்டி, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம, பாஷை தெரியாம நடந்தேன். இத்தனை ஊர் சுத்தினதுல நான் ஒத்தையா நடந்தது அந்தச் சந்துல மட்டும்தான்.

ஒரு வீட்டு வாசல்ல அவனோட செருப்பு கிடந்துச்சு. உள்ள போனேன்.

சின்னக் கூடம். பாயில அந்தம்மா தம்புராவை மடியில சாச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒல்லியா, நூல் சேலை கட்டிக்கிட்டு, பாத்தா பெரிய பாடகின்னு சொல்ல மாட்டீங்க. மகன் செவுத்துல கையை ஊனிக்கிட்டுத் திரும்பி நிக்கறார். மருமக முந்தானையில முகத்தைத் துடைக்கறா. யாரோ செத்துட்டாங்களோன்னு நினைச்சேன். அந்தம்மாவுக்கு நேர் எதுக்க, முதல் ஆளா, சம்மணம் போட்டு உக்காந்திருக்கான் நாச்சிமுத்து. கையில டீ டம்ளர்.

பாட்டு முடிஞ்சு போச்சு.

மகன்தான் என்கிட்ட வந்து இங்கிலீஷ்ல சொன்னார். மூணு மாசமா அம்மா தினம் உக்காந்து பாக்கறாங்க, காத்துதான் வருது, குரல் வரலை. டாக்டர் இனிமே எதிர்பாக்காதீங்கன்னுட்டார். இன்னைக்கு இவர் வந்தார். வெளிய கதவோரமா உக்காந்தார். அம்மா, 'அங்க உக்காந்தா உங்க முகம் எனக்குத் தெரியாது, முன்னாடி வாங்க'ன்னு கூப்பிட்டாங்க. உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினார். அதுக்குள்ள அம்மா சுருதி சேத்துட்டாங்க. நான்தான் போனை அணைக்கச் சொன்னேன். ஆரம்பிச்சாங்க. குரல் வந்துருச்சு. எங்களால நம்பவே முடியலைன்னு சொல்லிட்டு அந்த மனுஷன் மறுபடி செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டார்.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனா யாரு யாருன்னு தெரிய வேண்டாமா? நான் அவர்கிட்டச் சொன்னேன், "ஹீ இஸ் ஒன்லி மை டிரைவர்."

"தெரியும். வந்ததும் சொன்னார்"ங்கறார்.

தெரிஞ்சேதான் பாடியிருக்காங்க. இதுக்கு நான் என்ன சொல்ல?

சரி, நடந்தது நடந்து போச்சு, நான் வந்துட்டேன், இப்ப ஆரம்பிக்கலாம்னேன். அந்தம்மா என்னைப் பாத்து, நாச்சிமுத்துவைப் பாத்து, கன்னடத்துல நிறையப் பேசினாங்க. சிரிச்சுக்கிட்டேதான் பேசினாங்க.

"என்னடா சொல்றாங்க?"

"இன்னைக்கு இவ்வளவுதான் வரும்ங்கறாங்கம்மா. குரல் இப்பத்தான் எந்திரிச்சு நிக்குதாம். நிக்கற அன்னைக்கே ஓட விடவேண்டாம்ங்கறாங்க."

"அவ்வளவு நீளமாப் பேசினாங்க. நீ இத்துனூண்டு சொல்றே."

"மீதி என்னப் பத்திங்கம்மா."

"உன்னப் பத்தி என்ன?"

"அதெதுக்குங்கம்மா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நான் அப்படிக் கோபப்படற ஆளே இல்ல. ஆனா ஊர் ஊரா அலைஞ்சது யாரு? முழங்கால் வலியோட படி படியா ஏறினது யாரு? கேட்டேன் அவனை. "பாட்டுக் கேக்க வந்தது நானா, நீயா?"

"நீங்கதாங்கம்மா."

"அது என்ன ராகம், சொல்லு பாக்கலாம்."

"தெரியலைங்கம்மா."

"பின்ன என்னத்தைக் கேட்டே?"

அவன் டம்ளரைக் கீழ வெச்சுட்டு யோசிக்கறான். யோசிச்சுட்டு என்ன சொல்றான் தெரியுமா? "எங்க வீட்டுக்காரி துணி மடிக்கறப்பத் தனக்குத்தானே பேசிக்குவாளுங்க. நான் உள்ள போனா நிறுத்திக்குவா. இன்னைக்கு நான் உள்ள போயும் நிறுத்தாமப் பேசின மாதிரி இருந்துச்சுங்கம்மா."

துணி மடிக்கறதாம். எழுபத்தஞ்சு வயசு வித்வாம்சினி பாடினா, இவனுக்குத் துணி மடிக்கற ஞாபகம் வருது. நீங்க சிரிக்கலையே. நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு, "நீ ராத்திரி பூரா வண்டி ஓட்டினவன், உக்காந்த இடத்துல தூங்கி விழுந்திருப்பே, நீ தலையாட்டறேன்னு இவங்க நினைச்சுட்டாங்க. இதை அவங்ககிட்டக் கன்னடத்துல சொல்லு"ன்னேன்.

அவன் நின்னான். "சொல்லு"ன்னேன். விஷயம் தெளிவா இருக்கட்டும்னுதான். அந்தம்மா ஒரு தப்பான நம்பிக்கையில இருக்கக் கூடாது பாருங்க.

சொன்னான். என்ன சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும். யாரும் சிரிக்கலை. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

"என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாங்கம்மா."

"ஒரு வார்த்தைதான சொன்னாங்க?"

"கன்னடத்துல ஒரு வார்த்தைதானுங்கம்மா."

மகன்கிட்டக் கேக்கலாம்னு திரும்பினா, அவர் தம்புராவுக்கு உறை போட்டுட்டிருக்கார். என் பக்கமே திரும்பலை.

நான் சாப்பிடலை. நாச்சிமுத்து சாப்பிட்டான். உள்ள அடுப்படியில அந்தம்மாவே பரிமாறியிருக்காங்க. நான் கூடத்துல, என் நாற்காலியும் வண்டியில கிடக்க, அவங்க வீட்டு முக்காலியில உக்காந்திருந்தேன். கையைத் துடைச்சுட்டு வந்தவன் வண்டிச் சாவியை எடுத்து என் பக்கத்துல வெச்சான். சாவியை என் கையில குடுக்கலை, பாருங்க. வெச்சான்.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேனுங்கம்மா."

"எங்க?"

"ஊருக்குங்க. பொண்ணை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க."

"இதைக் காலையிலயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனுங்கம்மா. இட்லி வரட்டும்னீங்க."

நான் சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ஒரு பொம்பளையை, வயசானவளை, பாஷை தெரியாத ஊர்ல விட்டுட்டுப் போறது என்ன நியாயம்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதை நீங்க எழுத வேண்டாம். அந்தம்மாவோட மகன்தான் என் வண்டியை ஓட்டிட்டுப் போய் ஹூப்ளி ஏர்போர்ட்டுல இறக்கி விட்டார். வழியெல்லாம் பேசவே இல்ல, படிச்ச மனுஷன், ஒரு மரியாதைக்காவது பேசலாம். கடைசிக் கட்டத்தை ஏரோப்ளேன்ல தனியா முடிச்சேன். வண்டியை அப்புறம் மில்லு ஆளுங்க போய் எடுத்துட்டு வந்தாங்க.

நாச்சிமுத்து மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான், சாயங்காலம் பேத்தி பொறந்திருக்கு. சமையல்காரி சொன்னா. ரத்தம் குடுக்க வேண்டியிருந்துச்சாம், இவனோடதுதான் சேந்துச்சாம். பாத்தீங்களா, நேரத்துக்குப் போயிட்டானா இல்லையா? என்னால அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு? அதுக்கப்புறம் அவன் இங்க வரவே இல்ல. ஏதோ காலேஜ் பஸ் ஓட்டறானாம். இத்தனை வருஷம் சோறு போட்ட வீடு. போகட்டும்.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆறேழு மாசம் கழிச்சு ஒரு கவர் வருது. அந்த இந்துமதியம்மா கோயமுத்தூருக்கு வர்றாங்க, கச்சேரி. மறுபடி மேடையேறிட்டாங்களாம். உள்ள பாஸ் இருக்கு, முன் வரிசை. பேரு என்ன போட்டிருக்கு தெரியுமா? 'திரு. நாச்சிமுத்து, குடும்பத்துடன்.' கீழ என் வீட்டு விலாசம். என் பேரு எங்கயும் இல்ல. விலாசத்துக்கு மட்டும் நான் வேணும்.

அவனுக்குப் போன் பண்ணிக் குடுத்திருக்கலாமேன்னு உங்க மூஞ்சி கேக்குது. நம்பர் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. வேலையை விட்டுப் போனவனை நான் எதுக்குக் கூப்பிடணும்? அவன் கூப்பிட்டுக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்கலையே. கச்சேரி நடக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அது அவன் பாடு.

நான் போனேன். ஒரு பாஸ் வீணாப் போகக் கூடாது. பட்டுச் சேலை கட்டிட்டுப் போனேன், விசாலாட்சி வேற வந்திருந்தா, ஏழாவது வரிசையில. முன் வரிசையில நாற்காலி முதுகுல காகிதத்துல பேரு ஒட்டியிருந்துச்சு, நாச்சிமுத்துன்னு. நான் சாஞ்சு உக்காந்துட்டேன். சாஞ்சு உக்காந்தா தெரியாது.

அந்தம்மா மேடைக்கு வந்தாங்க. உடம்பு தேறியிருந்தாங்க. உக்காந்து, கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு, முன் வரிசையை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிவரைக்கும் பாக்கறாங்க. என்னையும் பாத்தாங்க. நான் கும்புட்டேன். அவங்க பார்வை தாண்டிப் போயிருச்சு. அப்புறம் மைக்ல கன்னடத்துல ஏதோ சொன்னாங்க. அவங்க மகன் இங்கிலீஷ்ல சொன்னார், சபா செக்ரட்டரி தமிழ்ல சொன்னார்: "அம்மாவோட நண்பர் திரு. நாச்சிமுத்து வந்திருக்கார்னா தயவுசெஞ்சு எந்திரிச்சு நிக்கணும்."

யாரும் எந்திரிக்கலை. செக்ரட்டரி இன்னொரு தடவை கேட்டார். பின்னால எல்லாரும் தலையைத் தூக்கிப் பாக்கறாங்க. நான் இன்னும் நல்லாச் சாஞ்சுக்கிட்டேன். எந்திரிச்சு, அவர் இப்ப என்கிட்ட வேலையில இல்லைன்னு சொல்லலாமான்னு தோணுச்சு. நான் எதுக்குச் சொல்லணும்? பாஸ் இருக்கு, உக்காந்திருக்கேன். அவ்வளவுதான.

அந்தம்மா மறுபடி என்னைப் பாத்தாங்க. இந்தத் தடவை தாண்டிப் போகலை. பாத்துட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு மைக்ல ஏதோ சொன்னாங்க. கன்னடம் தெரிஞ்ச சில பேர் கைதட்டினாங்க. நான் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சொன்னார், "அவரோட முதலாளியம்மா வந்திருக்காங்க, அப்ப அவர் வெளிய வண்டிகிட்டத்தான் இருப்பார், அவருக்குக் கேக்கணும், கதவையெல்லாம் திறந்து விடுங்கங்கறாங்க."

திறந்து விட்டாங்க கண்ணு. ஏசி ஹால். ரெண்டு பக்கமும் பெரிய கதவு. திறந்ததும் வெளிய நின்ன டிரைவருங்க அத்தனை பேரும் வந்து கதவுல நின்னுட்டாங்க. எங்க புது டிரைவரும் முன்னாடி நிக்கறான், என்னைப் பாத்து வணக்கம் வேற வெக்கறான். நான் செக்ரட்டரியைக் கூப்பிட்டு, கதவைத் திறந்து போட்டா ஏசி எதுக்கு, கொசு வராதான்னு கேட்டேன். "பாட ஆரம்பிச்சுட்டாங்கம்மா, உக்காருங்க"ன்னு வாயில விரலை வெச்சுட்டுப் போறார். எங்க மில்லுல நன்கொடை வாங்கின சபா அது.

பாதியில கிளம்பலாம்னு பாத்தேன். முன் வரிசையில இருந்து வெளிய போகணும்னா அந்தக் கதவு வழியாத்தான் போகணும். அத்தனை டிரைவருங்களும் அதுல நிக்கறாங்க. அவங்களை வெலக்கிக்கிட்டு, எல்லாரும் பாக்க, நான் எப்படிப் போறது? அதனால கடைசிவரைக்கும் உக்காந்திருந்தேன்.

பாட்டு எப்படி இருந்துச்சுன்னா கேக்கறீங்க? நான் எங்க கண்ணு பாட்டைக் கேட்டேன். அந்தக் கதவையேதான் பாத்துட்டிருந்தேன், எப்ப மூடுவாங்கன்னு.